யார் வீட்டு வரிப்பணம்?



மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேணும்னு கூட்டமைப்பில் கேட்டபோது, ராஜா ராணி கதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் ஒரு பஸ் பயணம் குறுக்கே வந்துவிட்டது. கச்சிராயபாளையத்தில் ஏறி கள்ளக்குறிச்சிக்குப் போகிற டவுன் பஸ். நாங்கள் ஆறேழு பெண்கள் முன்பக்கம். கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் சட்டைப் பையில் பேனா வைத்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "எல்லாம் நம்ம வரிப்பணம் சார். நாம கட்டறோம், இவங்க ஓசில போறாங்க."

ஒருத்தரும் பதில் பேசவில்லை. நானும்தான். ஊக்குநர் என்று பெயர், பத்து வருஷமாகக் கூட்டத்தில் மைக் பிடிக்கிறவள், அன்றைக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்றே எனக்குத் தெரியாததுதான் காரணம். அதற்கப்புறம் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். நம்ம மலையடிவாரத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கல்வராயன் மலையை ரொம்ப காலம் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர் குடும்பங்கள் வைத்திருந்தன. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்வார்கள். மலைக்குடிகள் ஏருக்கு இவ்வளவு என்று அவர்களுக்கு வரி கொடுத்தார்கள். அது போதாதென்று கூலியில்லாத வெட்டி வேலை வேறு. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது 1947-ல். மலை ஜாகீரை அரசு கையில் எடுத்தது 1976-ல். நடுவில் 29 வருஷம். நாட்டில் ஐந்தாண்டுத் திட்டம் நாலு முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது. வெள்ளிமலைப் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் ஜாகீர்தாரருக்குக் கட்டுப்பட்டிருந்தன. வரி கீழே இறங்கி வந்த பாதை ஒன்று உண்டு. பள்ளிக்கூடமாகவோ ஆஸ்பத்திரியாகவோ அது மேலே ஏறிப் போகவில்லை. மலைக்காரங்க எப்பவும் வாங்கித்தான் பழக்கம் என்று நம்ம ஊரிலேயே சிலர் பேசும்போது எனக்கு இந்த ஏர் வரிதான் ஞாபகம் வரும்.

கீழே சமவெளியில் ரயத்துவாரி. கும்பினி காலத்தில் வந்த முறை. ஒவ்வொரு விவசாயியும் தன் பெயரில் பட்டா வாங்கி நேராகச் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டணும். வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைச் சரிபார்த்துத் தீர்வு செய்வதற்குப் பெயர் ஜமாபந்தி. இன்றைக்கு நாம் முதியோர் பென்ஷனுக்கும் பட்டா மாற்றத்துக்கும் மனு எடுத்துக்கொண்டு ஓடுகிற அதே ஜமாபந்திதான். கலெக்டர் என்ற வார்த்தைக்கே வசூல் பண்ணுகிறவர் என்றுதான் அர்த்தம். 2019 நவம்பர் 26-ல் நமக்கென்று தனி மாவட்டம் தொடங்கி, கள்ளக்குறிச்சிக்கே கலெக்டர் ஆபீஸ் வந்தபோது, இனி விழுப்புரத்துக்கு அலைய வேண்டாமென்று நாம் சந்தோஷப்பட்டோம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு குடியானவனிடம் சொல்லியிருந்தால், வசூல்காரர் பக்கத்தில் வந்துவிட்டார் என்று பயந்திருப்பான்.

நிலம் இல்லாதவர்களுக்குக் கிஸ்தி இல்லைதான். ஆனால் அவர்களையும் விடவில்லை. உப்புக்கு வரி இருந்தது. உப்பு வரியின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா வரியும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம். நூறு ஏக்கர் வைத்திருக்கிறவர் வீட்டுக் குழம்பிலும் ஒரு பிடி உப்பு, கூலிக்காரி வீட்டுக் கூழிலும் ஒரு பிடி உப்பு. பணக்காரர் என்பதால் நூறு பங்கு உப்பு தின்ன முடியாது. வெயிலில் வேலை செய்து வேர்வை சிந்துகிறவளுக்குத்தான் உப்பு கூடவே வேணும். இரண்டு வீடும் சர்க்காருக்குக் கட்டுவது ஏறக்குறைய ஒரே காசு. ஒரு வீட்டுக்கு அது தூசு, இன்னொரு வீட்டுக்கு அது அரை நாள் கூலி. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினது இதற்காகத்தான். 1947-ல், சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்னால், உப்பு வரி ஒழிந்தது. இன்றைக்கும் உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது.

உப்பு வரியை எதிர்த்து ஜெயிலுக்குப் போன அதே ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்). அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி தன் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அடுத்து சித்தூர், கடப்பை, 1939-ல் வடஆற்காடு. நம்ம கள்ளக்குறிச்சி தாலுகா அப்போது தென்னாற்காடு மாவட்டம். மலைக்கு மேற்கே ஆத்தூர்ப் பக்கம் கள்ளுக்கடை, சாராயக்கடை மூடினார்கள். வடக்கே செங்கம் பக்கமும் அப்புறம் மூடினார்கள். கிழக்கே நம்ம பக்கம் கடை திறந்தே இருந்தது. ஒரு மலை, இரண்டு சட்டம். இங்கேயிருந்து அங்கே என்னவெல்லாம் நடந்து போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடையை மூடினால் சர்க்காருக்கு வருமானம் போகும். கள்ளு, சாராயக் குத்தகைப் பணம் மாகாண வருமானத்தில் சின்னப் பங்கு இல்லை. குடித்தவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். அதாவது அந்த மாகாணத்தின் ரோடும் கச்சேரியும் காலேஜும் ஒரு பங்கு ஏழை வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த காசில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காசைப் பெண்கள் கையில் திருப்பிக் கொடுத்தது ராஜாஜி செய்த பெரிய காரியம். அதை நான் மனசாரச் சொல்வேன்.

போன வருமானத்தை ஈடுகட்ட அவர் கண்டுபிடித்த வழிதான் விற்பனை வரி. 1939-ம் வருஷச் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி என்பது இந்தியாவிலேயே அதுதான் முதல். விகிதம் ரொம்பக் குறைச்சல், நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஆனாலும் கடைசியில் யார் கட்டுவார்கள்? கடைக்காரர் விலையில் ஏற்றிவிடுவார், வாங்குகிறவர் கட்டுவார். குடிக்கிற புருஷன் கட்டிக்கொண்டிருந்த வரி, அரிசி பருப்பு வாங்குகிற மனைவி கைக்கு மாறியது என்றுகூடச் சொல்லலாம். கடுமையான பேச்சுதான். ஆனால் குடிக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல் என்று அன்றைய பெண்களே சொல்லியிருப்பார்கள். குடி நிற்கிறது, அதற்கு விலையாக ஒரு சின்ன வரி. ஒப்பந்தம் நியாயமானதுதான்.

அந்த ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1948-ல் மாகாணம் முழுக்க மறுபடி வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரிலிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. இத்தனை தடவை மூடித் திறந்ததில் விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் மூடவில்லை. சாராயத்துக்குப் பதிலாக வந்த வரியும் இருக்கிறது, சாராய வருமானமும் திரும்பி வந்துவிட்டது. நம்ம வீடு இரண்டையும் கட்டுகிறது. 2023–24-ல் டாஸ்மாக் மூலமாக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அடுத்த வருஷம், 2024–25 பட்ஜெட்டில், மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கினது 13,720 கோடி. மூன்று மடங்குக்கு மேல் போய், ஒரு மடங்கு வருகிறது. ஒரு வீட்டுக் கணக்கும் இப்படித்தான். மாதம் 1,000 ரூபாய் அக்கா கணக்கில் ஏறுகிறது. மாமா தினம் ஒரு குவார்ட்டர் வாங்கினால் மாதத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதில் பெரும்பகுதி வரி. எந்த வீட்டு வரிப்பணம் என்று கேட்ட அந்த பஸ் மனிதருக்கு அன்றைக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லியிருக்கலாம்.

2024 ஜூனில் நம்ம கருணாபுரத்தில் நடந்ததை எழுதாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. விஷச் சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பல பேர் கூலி வேலைக்காரர்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. கடைப் பாட்டில் வாங்கக் காசு போதாதவன்தான் பாக்கெட்டைத் தேடிப் போகிறான். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு பத்து லட்சம் என்று அறிவித்தபோது, "குடிச்சுச் செத்தவனுக்கு எங்க வரிப்பணமா" என்று ஊர் ஊருக்குப் பேச்சு. அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் போனது செத்தவனுக்கு இல்லை, பிள்ளைகளோடு நின்ற பெண்ணுக்கு. அவள் வீட்டுக்காரன் அத்தனை வருஷமாகக் கட்டின வரிக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தச் சாவுக்கு அப்புறம்தான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஏர் வரி கட்டினவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு!

இனி பணக்காரர் கட்டுகிற வரி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கதையே சுருக்கம். பெரிய சொத்துக்காரர் செத்தால் சொத்தில் ஒரு பங்கு அரசுக்கு என்று 1953-ல் எஸ்டேட் வரி வந்தது, 1985-ல் எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்துக்குச் செல்வ வரி 1957-ல் வந்தது. 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். வசூல் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்று காரணம் சொன்னார்கள். வசூலிக்க முடியாமல் விட்டது யார் தப்பு என்று கேட்க ஆளில்லை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்கினார்கள். அதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி குறையும் என்று மத்திய அரசே சொன்னது. அதற்கு யாரும் இலவசம் என்று பெயர் வைக்கவில்லை. ஊக்கம் என்று பெயர்.

பெயர் வைப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நம்ம கோமுகி அணையும் வரிப்பணத்தில் கட்டினதுதான். ஆயக்கட்டில் பத்து ஏக்கர் உள்ளவருக்குப் பத்து ஏக்கருக்குப் பயன். அதே வயலில் நாற்று நடுகிறவளுக்குச் சீசனில் சில நாள் கூலி. அதை வளர்ச்சி என்கிறோம். பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கு வந்தது, 1990-ல் எல்லா விவசாயிக்கும் ஆயிற்று. மோட்டார் பெரிசானால் சலுகையும் பெரிசு. நிலமே இல்லாதவளுக்கு ஒரு யூனிட்டும் இல்லை. (இதை எழுதினால் எங்க வீட்டிலேயே கோபம் வரும். எங்களுக்கும் ஒரு மோட்டார் ஓடுகிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரும்புக்குத் தண்ணி பாய்ச்சுகிற கரண்டும், நான் பஸ்ஸில் போகிற டிக்கெட்டும் ஒரே கணக்கில் எழுத வேண்டியவை என்றுதான் சொல்கிறேன்.)

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. நமக்கெல்லாம் முதலில் உறைத்தது நாப்கின். தங்கத்துக்கு 3 சதவீதம், நாப்கினுக்கு 12 சதவீதம். வளையலுக்கும் குங்குமத்துக்கும் வரி இல்லை. பெண் என்றால் பொட்டும் வளையலும் என்று யாரோ நினைத்துப் போட்ட பட்டியல் அது. நாடு முழுக்கப் பெண்கள் கேட்டுக் கேட்டு ஒரு வருஷம் கழித்து, 2018 ஜூலையில், நாப்கின் வரியை எடுத்தார்கள். நம்ம குழுக்களில் சிலர் நாப்கின் தயாரிக்கிறோம், அதனால் இந்த ஒரு வருஷம் நமக்கு மறக்காது.

அப்புறம் அரிசி. 2022 ஜூலை 18-லிருந்து, பெயர் அச்சடித்த பையில் அடைத்த அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீத வரி. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள். சட்டப்படி வரி இல்லை! மளிகைக் கடைக்குப் போய் 26 கிலோ மூட்டையை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வர முடிந்தவர் வரி இல்லாமல் சாப்பிட்டார். கூலி வந்த அன்றைக்கு அஞ்சு கிலோ பையாக வாங்குகிறவள் வரியோடு சாப்பிட்டாள். உப்பு வரியின் பேத்தி இது. சோப்பு, பற்பசை, தேங்காயெண்ணெய் அல்லாத தலை எண்ணெய் எல்லாம் எட்டு வருஷம் 18 சதவீதத்தில் இருந்து, 2025 செப்டம்பர் 22-ல்தான் 5-க்கு இறங்கின. நல்லது. எட்டு வருஷம் தேய்த்துக் குளித்த சோப்புக்குக் கட்டினதும் வரிதானே என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

பஸ் மனிதர் வருமான வரி கட்டுகிறவராக இருக்கலாம். அது டெல்லிக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது. அவர் கட்டுவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாநில அரசு தானே வசூலிக்கிற வரியில் வருமான வரி இல்லவே இல்லை. ஜிஎஸ்டி பங்கு, பெட்ரோல் டீசல் வரி, மது வரி, பத்திரப் பதிவு, வண்டி வரி, இவைதான். டவுன் பஸ்ஸை ஓட்டுவது பெரும்பாலும் இந்தப் பணம். சோப்பு வாங்கினவள், மண்ணெண்ணெய் அடுப்பை விட்டு காஸுக்கு மாறினவள், மகனுக்குச் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிக் கொடுத்தவள், எல்லாரும் அதில் போட்டிருக்கிறார்கள்.

வாங்குகிற பக்கத்திலும் நியாயம் பார்க்கணும். நாமே நமக்குள் பேசிக்கொள்கிற விஷயம்தான் இது: வசதியான வீட்டுக்கு எதற்கு ரேஷன், எதற்கு ஆயிரம் ரூபாய்? 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை, எல்லா அட்டைக்கும் என்று வைத்துக்கொண்டது. 2000-க்குப் பிறகு கொஞ்ச காலம் வருமானம் பார்த்து அட்டையில் 'ஹெச்' முத்திரை குத்தினார்கள். கவுரவ அட்டை என்று பெயர். கவுரவத்தைச் சோற்றில் போட்டுச் சாப்பிட முடியாது என்று பலர் தாலுகா ஆபீஸ் முன்னால் நின்றார்கள். 2004-ல் அந்த முத்திரையை எடுத்துவிட்டார்கள். பட்டியல் போட்டால் பட்டியல் எழுதுகிறவர் கை பெரிசாகும். எழுதத் தெரியாதவள், சொல்லத் தெரியாதவள் பெயர்தான் முதலில் விடுபடும். அதனால் அரிசி எல்லாருக்கும் என்பதே சரி என்று நான் நினைக்கிறேன். வசதியானவர் பலர் ரேஷன் அரிசியை வாங்குவதே இல்லை, வரிசையே அவர்களைப் பிரித்துவிடுகிறது.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கின உரிமைத் தொகை வேறு மாதிரி. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் புன்செய் 10 ஏக்கருக்குள், கரண்டு வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று கோடு போட்டார்கள். பணமாகக் கொடுக்கும்போது கோடு வேணும்தான். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வலிக்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிகிற வீட்டுக்கு யூனிட் கணக்கு சரியாக வராது. இது மாதிரி விடுபட்டவர்கள் நம்ம குழுக்களிலேயே இருந்தார்கள். மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்ததும் நாம்தான். மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழோ ஆதாரில் சரியான பிறந்த தேதியோ இல்லாவிட்டால் அவள் பாடு இன்னும் கஷ்டம். கச்சிராயபாளையம் கடையில் சோப்பு வாங்கும்போது அவளிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. வரி எந்தத் தாளும் பார்க்காமல் வாங்கப்படுகிறது; திரும்பிக் கொடுக்கத்தான் இத்தனை தாள்.

நம்ம இயக்கத்துக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்தது. அடுத்த கட்டமாக 1991–92-ல் சேலத்துக்கும் நம்ம பழைய தென்னாற்காட்டுக்கும் வந்தது. வாரச் சேமிப்பை நோட்டில் எழுதக் கற்றுக்கொண்டதுதான் நமக்குக் கிடைத்த முதல் சொத்து. யார் எவ்வளவு போட்டார், யார் எவ்வளவு எடுத்தார் என்று நம்ம தீர்மான நோட்டில் பார்க்கிற மாதிரி, ஊர்க் கணக்கையும் பார்க்க நமக்குத் தெரியும். இதுவரை எடுத்த பக்கத்தை மட்டும்தான் மற்றவர்கள் நமக்குப் படித்துக் காட்டினார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் ஒரு மாதத்துக் கடை பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். பில் தராத கடையில் கேட்டு வாங்குங்கள். அடியில் பொடி எழுத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி இருக்கும். முதலாவது டெல்லிக்கு, இரண்டாவது சென்னைக்கு. கண்ணாடி இல்லாதவர்களுக்கு நான் படித்துச் சொல்கிறேன். கூட்டல் போட ஒரு நோட்டும் கொண்டு வருகிறேன்.